கல்லீரலில் கட்டி: குமிழி ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

வயிற்று ஸ்கேன் அறிக்கையில் "கல்லீரலில் 2 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிகிறது, மேற்கொண்டு பரிசோதனை தேவை" என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்தக் குடும்பத்தின் தூக்கம் போய்விடும். கட்டி என்றாலே புற்றுநோய்தான் என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. உண்மை அப்படியல்ல. கல்லீரல் நோய் எதுவும் இல்லாதவர்களிடம் வேறு காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. ஆனால் எது தீங்கில்லாதது, எது ஆபத்தானது என்று சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எல்லா நேரமும் பிரித்துச் சொல்லிவிடாது. அதற்கு அடுத்த கட்டப் பரிசோதனை தேவைப்படுகிறது.

அந்த அடுத்த கட்டத்தில்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது. பொதுவாக மருத்துவர் எழுதிக் கொடுப்பது சி.டி. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. இரண்டிலும் நரம்பில் ஊசி வழியாக ஒரு மருந்து செலுத்துவார்கள். அதைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கும் முன் மருத்துவர்கள் யோசிப்பார்கள். நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ், சுவா பெத்தோங் தொடங்கி பகாவ் பக்கம் ஜெராம் பாடாங், கெடிஸ் வரை எந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், இனிப்பு நீர் உள்ளவர் இல்லாத லயன் வரிசை அரிது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனங்களையும் விட அதிகம். நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம். ஆகவே "கல்லீரலில் கட்டி, சிறுநீரகமும் பலவீனம்" என்ற இரட்டைப் பிரச்சினை இந்தியக் குடும்பங்களுக்குப் புதிதல்ல.

இத்தகைய நிலையில் கைகொடுக்கக்கூடிய ஒரு முறைதான் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட். எளிமையாகச் சொன்னால், குமிழி ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன். அதில் பல வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பலமும் உண்டு, குறையும் உண்டு.

சாதாரண ஸ்கேனில் தெரியாதது என்ன?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்பது ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் முறை. வயிற்றின்மேல் ஜெல் தடவி வைக்கும் கருவி, மனிதக் காதுக்குக் கேட்காத உயர்ந்த அதிர்வெண்ணில் ஒலியை உள்ளே அனுப்புகிறது. வயிற்றுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துவார்கள். உறுப்புகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கணினி படமாக்குகிறது. கதிர்வீச்சு கிடையாது, வலி கிடையாது, செலவும் குறைவு.

ஆனால் இரத்தம் ஒலியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். ஆகவே படத்தில் இரத்தக்குழாய் கறுப்பாகத்தான் தெரியும். வண்ண டாப்ளர் என்ற வசதி பெரிய குழாய்களில் இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும். ஆனால் முடி போன்ற நுண்குழாய்களில் மெதுவாக ஊரும் இரத்தத்தை அதனால் பிடிக்க முடியாது. ஒரு கட்டி நல்லதா கெட்டதா என்று சொல்லும் தடயமோ பெரும்பாலும் அந்த நுண்குழாய்களில்தான் இருக்கிறது.

தற்செயலாகக் கிடைத்த குமிழி

1968-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிராமியாக், பிரவின் ஷா என்ற இரு மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். இதயத்துக்குள் குழாய் வழியாகத் திரவம் செலுத்தும்போது அல்ட்ராசவுண்ட் படத்தில் திடீரென்று எதிரொலி கூடுவதை அவர்கள் கண்டிருந்தார்கள். ஊசி போடும் வேகத்தில் உண்டாகும் சின்னஞ்சிறு காற்றுக் குமிழிகள்தான் அதற்குக் காரணம் என்பது பிறகு தெளிவானது. திரவத்துக்கு நடுவே வாயு இருந்தால் ஒலி அதில் பட்டுப் பலமாகத் திரும்பும். இந்தத் துறை முழுவதும் அந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் வளர்ந்தது.

வெறும் காற்றுக் குமிழி சில நொடிகளில் கரைந்துவிடும். அளவு பெரிதானால் நுரையீரலின் நுண்குழாய்களைத் தாண்டாது. எனவே குமிழிக்கு ஒரு தோல் வேண்டும், உள்ளே எளிதில் கரையாத வாயு வேண்டும், அளவும் சிவப்பணுவைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. இன்றைய மருந்துகளில் உள்ள குமிழிகள் சராசரியாக 2 முதல் 3 மைக்ரோமீட்டர் அளவுள்ளவை. சிவப்பணுவின் அகலம் சுமார் 7 மைக்ரோமீட்டர். அதனால் சிவப்பணு போகும் இடமெல்லாம் குமிழியும் போகும். இரத்தக்குழாயை விட்டு வெளியே கசியாது.

மருந்துகளை ஒப்பிட்டால்

முதல் தலைமுறையில் பேர் பெற்றது லெவோவிஸ்ட். கேலக்டோஸ் என்ற சர்க்கரைத் துகள்களை ஒட்டிய காற்றுக் குமிழிகள் அவை. அந்தக் குமிழி எளிதில் உடையும். பலமான ஒலியை அனுப்பி அதை உடைத்து, உடையும் அந்தக் கணத்தில்தான் படம் எடுக்க வேண்டும். ஒரு முறை எடுத்தால் குமிழி தீர்ந்துவிடும். மறுபடி இரத்தத்தோடு புதிய குமிழி வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று அது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது.

இரண்டாம் தலைமுறையில் உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது சோனோவியூ. 2001-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. உள்ளே சல்பர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு, வெளியே கொழுப்புப் படலம். மின்சார நிலையங்களின் சுவிட்ச் கருவிகளில் மின்காப்புக்காகப் பயன்படும் அதே வாயுதான் இது. இரத்தத்தில் எளிதில் கரையாது என்பதால் குமிழி சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும். கல்லீரலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 2.4 மில்லிலிட்டர் மருந்தில் உள்ள வாயு ஒரு சொட்டு நீரின் அளவுகூட இல்லை. அமெரிக்காவில் லுமாசன் என்ற பெயரில் விற்கப்படும் இதற்கு, கல்லீரல் கட்டிகளைப் பார்க்க 2016-இல் அங்கே அனுமதி கிடைத்தது. பெரியவர்களுக்கு மட்டுமல்ல, குழந்தைகளுக்கும்.

மூன்றாவது, சோனாசாய்டு. ஜப்பானில் 2007-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பிறகு தென் கொரியா, சீனா போன்ற நாடுகளிலும் வந்தது. இதில் உள்ள வாயு பெர்ஃபுளோரோபியூட்டேன். இதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. கல்லீரலில் கழிவுகளை விழுங்கும் குப்ஃபர் செல்கள் இந்தக் குமிழியையும் விழுங்கிவிடும். ஊசி போட்டுச் சுமார் 10 நிமிடம் கழித்துப் பார்த்தால் ஆரோக்கியமான கல்லீரல் வெளிச்சமாகத் தெரியும். குப்ஃபர் செல் இல்லாத புற்றுநோய்ப் பகுதி ஓட்டை விழுந்தது போலக் கறுப்பாகத் தெரியும். சோனோவியூவில் இந்த வசதி இல்லை. மாறாக, சோனாசாய்டில் முட்டையிலிருந்து எடுத்த ஒரு பொருள் இருப்பதால் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது.

குமிழியின் ஒலியை மட்டும் பிரிப்பது எப்படி?

ரப்பர்ப் பாலில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரப்பர் என்று ஸ்டோரில் அளந்து பார்த்துத்தான் வெட்டுக்காரருக்குக் கணக்குப் போடுவார்கள். பாலைப் பார்த்த மாத்திரத்தில் அது தெரியாது. ஸ்கேனிலும் அப்படித்தான். திரும்பி வரும் எதிரொலியில் கல்லீரல் திசுவின் ஒலியும் குமிழியின் ஒலியும் கலந்திருக்கும். இரண்டையும் பிரிக்கும் வழியில்தான் தொழில்நுட்பங்கள் வேறுபடுகின்றன.

இதற்கு அடிப்படை ஒன்றுதான். மெல்லிய ஒலியை அனுப்பினால் திசு, வந்த ஒலியை அப்படியே சுருதி மாறாமல் திருப்பி அனுப்பும். குமிழி அப்படிச் செய்யாது. ஒலியலையின் அழுத்தத்தில் குமிழி சுருங்கும், அழுத்தம் குறையும்போது விரியும். சுருங்குவதை விட விரிவது அதற்கு எளிது. அதனால் திரும்பி வரும் ஒலி சற்றுக் கோணலாகி, அனுப்பிய அதிர்வெண்ணோடு அதன் இருமடங்கும் கலந்து வரும். நல்ல வேளையாக, இந்த அளவுள்ள குமிழிகள் அதிரும் இயல்பான அதிர்வெண்ணும் வயிற்று ஸ்கேனில் பயன்படும் அதிர்வெண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிட்டன.

முதல் முறை, இருமடங்கு அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டிக் கேட்பது. இதை ஹார்மோனிக் முறை என்பார்கள். எளிமையானது. ஆனால் வடிகட்டும்போது படத்தின் நுணுக்கம் குறையும். திசுவும் சிறிது ஹார்மோனிக் ஒலியை உண்டாக்கும் என்பதால் முழுமையாகப் பிரியாது.

இரண்டாவது, துடிப்பைத் தலைகீழாக்கும் முறை. ஓர் ஒலித்துடிப்பை அனுப்பிவிட்டு, அடுத்ததாக அதையே தலைகீழாகத் திருப்பி அனுப்புவார்கள். மேடு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளம் இருந்த இடத்தில் மேடு. இரண்டு எதிரொலிகளையும் கூட்டினால் திசுவிலிருந்து வந்தது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். கோணலாக வந்த குமிழியின் ஒலி மட்டும் மிஞ்சும். இதில் படம் கூர்மையாக இருக்கும். ஆனால் மிஞ்சுவது பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண் ஒலி. அது உடலுக்குள் ஆழமாகப் போய்த் திரும்பும்போது வலுவிழந்துவிடும்.

மூன்றாவது, ஒலியின் அளவை மாற்றும் முறை. முதலில் பாதி பலத்தில் ஒரு துடிப்பு, அடுத்து முழு பலத்தில் ஒரு துடிப்பு. பாதி பலத்தில் வந்த எதிரொலியை இரண்டால் பெருக்கி முழுப் பலத்தில் வந்ததிலிருந்து கழித்தால் திசுவின் கணக்கு நேராகிவிடும். குமிழியின் கணக்கு நேராகாது, மிச்சம் நிற்கும். இதில் அனுப்பிய அதே அதிர்வெண்ணிலும் குமிழியின் ஒலி மிஞ்சுவதால் ஆழத்தில் உள்ள கட்டியும் தெரியும். நுணுக்கம் மட்டும் முன்னதை விடச் சற்றுக் குறைவு.

நான்காவது, இரண்டையும் சேர்த்த முறை. பலத்தையும் மாற்றி, தலைகீழாகவும் திருப்பி மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட துடிப்புகளை அனுப்புவார்கள். குமிழியை மிக நன்றாகப் பிடிக்கும். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ஆனால் ஒரு படத்துக்கே பல துடிப்புகள் தேவைப்படுவதால் நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கை குறையும். துடிப்புகளுக்கு நடுவே உறுப்பு அசைந்தால் திசுவின் ஒலியும் மிச்சம் நிற்கும். மருத்துவர் "மூச்சை மெதுவாக விடுங்கள், அசையாதீர்கள்" என்று சொல்வது அதனால்தான்.

தோட்டப்புறத்தில் இது ஏன் முக்கியம்? இனிப்பு நீரும் உடல் பருமனும் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிவது சாதாரணம். கொழுப்புக் கல்லீரல் ஒலியை உறிஞ்சிவிடும், உள்ளே ஆழத்தில் படம் மங்கும். அத்தகையவருக்கு ஒலியின் அளவை மாற்றும் முறையோ சேர்த்த முறையோ கூடுதல் பலன் தரும். மெலிந்தவரின் கல்லீரலில் மேலாக உள்ள சிறிய கட்டிக்கு, தலைகீழாக்கும் முறை தெளிவான படம் தரும். எல்லாருக்கும் ஒரே முறை பொருந்தாது.

இந்த மூன்று புதிய முறைகளிலும் ஒலியின் பலத்தை மிகக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும். கருவியின் திரையில் எம்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். சாதாரண வயிற்று ஸ்கேனில் அது ஒன்றை ஒட்டி இருப்பது வழக்கம். குமிழி ஸ்கேனில் 0.1 அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். பலம் கூடினால் குமிழி உடைந்து, இல்லாத குறை இருப்பது போலத் தெரியும்.

இரத்தம் வரும் நேரமும் போகும் நேரமும்

கல்லீரலுக்கு இரண்டு வழியில் இரத்தம் வருகிறது. சுமார் கால் பங்கு கல்லீரல் தமனி வழியாக வரும். மீதி முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வரும். கையில் ஊசி போட்டதும் 10 முதல் 20 நொடிக்குள் குமிழிகள் தமனி வழியாகக் கல்லீரலை எட்டும். 30 முதல் 45 நொடிக்கு மேல் போர்ட்டல் வழியாக வருபவை பரவும். 2 நிமிடத்துக்குப் பிறகு பின்கட்டம். மருத்துவர் இந்த ஐந்தாறு நிமிடமும் கட்டியின்மேல் ஒரு கண் வைத்திருப்பார்.

கல்லீரலில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் தமனி இரத்தத்தையே உறிஞ்சும். அதனால் தொடக்கத்தில் சுற்றியுள்ள கல்லீரலை விடப் பளிச்சென்று தெரியும். பிறகு ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்து மெதுவாக மங்கும். குடல், மார்பு போன்ற வேறு இடத்திலிருந்து பரவி வந்த புற்றுநோய் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே வேகமாகக் கறுத்துவிடும். ஹெமாஞ்சியோமா எனப்படும் இரத்தக்குழாய்க் கட்டி தீங்கில்லாதது. அதில் ஓரத்தில் மொட்டு மொட்டாக வெளிச்சம் தோன்றி உள்நோக்கி நிறையும், கடைசி வரை மங்காது. இன்னொரு தீங்கில்லாத கட்டி நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல வெளிநோக்கி நிறையும்.

ஆக, எப்போது ஒளிர்ந்தது, எந்தத் திசையில் நிறைந்தது, எப்போது மங்கியது என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே கட்டியின் அடையாளம்.

ஒப்பிட்டுப் பார்த்துக் கண்ட உண்மை

ஒரு முறை நல்லதா என்பதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மருத்துவம் முடிவு செய்கிறது. இதில் நெகிரி செம்பிலானுக்கே ஒரு வரலாறு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைச் சாய்த்தது. சிரம்பானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன், புழுங்கல் அரிசி சாப்பிடும் தமிழர்களுக்கு இந்த நோய் வருவதில்லை, வெள்ளைப் பச்சரிசி சாப்பிடும் மற்றவர்களுக்கே வருகிறது என்று எழுதினார். 1907-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் இம்மாநிலத்தின் உட்பகுதியில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களிடம் மட்டுமே நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோதும் நோய் வெள்ளை அரிசியின் பின்னாலேயே போனது. தோட்டத் தமிழரின் சோற்றுப் பானையில் இருந்த உண்மை அப்படித்தான் உலகுக்கு நிரூபணமானது.

குமிழி ஸ்கேனையும் அவ்வாறே சோதித்தார்கள். ஜெர்மனியில் 14 மருத்துவமனைகள் சேர்ந்து, சாதாரண ஸ்கேனில் என்னவென்று தெளிவாகாத கல்லீரல் கட்டி உள்ள 1,349 பேரைப் பரிசோதித்தன. குமிழி ஸ்கேன் சொன்னதைத் திசுப் பரிசோதனை, சி.டி., எம்.ஆர்.ஐ. முடிவுகளோடு ஒப்பிட்டபோது 90.3 விழுக்காடு சரியாக இருந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012-இல், சாதாரண ஸ்கேனில் புரியாத கல்லீரல் கட்டிகளுக்குச் சோனோவியூவைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது.

சி.டி., எம்.ஆர்.ஐ.யோடு வைத்துப் பார்த்தால்

குமிழி ஸ்கேனின் முதல் பலம், நடப்பதை நடக்கும்போதே காட்டுவது. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் குறிப்பிட்ட சில கணங்களில் மட்டும் படம் எடுக்கும். 15-ஆவது நொடியில் ஒளிர்ந்து 20-ஆவது நொடியில் மாறிவிடும் கட்டியை அவை தவறவிடலாம். இரண்டாவது, கதிர்வீச்சு இல்லை. மூன்றாவது, குமிழி சிறுநீரகம் வழியாக வெளியேறுவதில்லை. வாயு நுரையீரல் வழியாக மூச்சில் போய்விடும். சோனோவியூ வாயுவில் 80 விழுக்காட்டுக்கும் மேல் 2 நிமிடத்துக்குள் வெளியேறிவிடும். எனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் கொடுக்கலாம். முன்கூட்டியே சிறுநீரக இரத்தப் பரிசோதனை தேவையில்லை.

சி.டி.யின் அயோடின் மருந்து எல்லா நீரிழிவு நோயாளிக்கும் ஆபத்து என்று நினைத்துப் பயப்படவும் கூடாது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனவர்களுக்குத்தான் கவலை அதிகம். முன்பு நினைத்த அளவுக்கு ஆபத்து இல்லை என்றே அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன. எம்.ஆர்.ஐ.யில் கொடுக்கும் கடோலினியத்தின் பழைய வகைகள் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலை இறுக்கும் ஓர் அரிய நோயை உண்டாக்கின. புதிய வகைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே மருத்துவர் சி.டி. தேவை என்று சொன்னால் மறுக்காமல், சிறுநீரக அளவைக் காட்டிக் கேட்பதே சரி.

குமிழி ஸ்கேனின் குறைகளும் சிறியவை அல்ல. ஒரு நேரத்தில் ஒரு கட்டியை மட்டுமே சரியாகக் கவனிக்க முடியும். கல்லீரல் முழுவதும் எத்தனை கட்டி, நுரையீரலுக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ பரவியதா என்பதற்குச் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.தான் வேண்டும். குடல் வாயுவும் பருமனும் படத்தை மறைக்கும். செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து முடிவு மாறலாம். கருவியில் அதற்கான மென்பொருளும், மருந்தும், பயிற்சி பெற்ற மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதால் எல்லா மருத்துவமனையிலும் இது நடப்பதில்லை.

கல்லீரலுக்கு மட்டுமல்ல

சிறுநீரகத்தில் தெரியும் நீர்க்கட்டி சாதாரணமானதா, உள்ளே இரத்த ஓட்டமுள்ள சந்தேகக் கட்டியா என்று பார்க்கவும் இது உதவும். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வயிற்றில் லேசாக அடிபட்ட பிள்ளைக்கு மண்ணீரல் கிழிந்திருக்கிறதா என்று, கதிர்வீச்சு இல்லாமல் பார்க்கலாம். கிழிந்த இடத்தில் குமிழி போகாது, கறுப்பாகத் தெரியும். பலத்த அடி என்றால் மட்டும் நேரம் கடத்தாமல் சி.டி.தான் எடுக்க வேண்டும். குழந்தைகளின் சிறுநீர் பையிலிருந்து மேல்நோக்கித் திரும்புகிறதா என்று அறியவும் குமிழி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்க்கிறார்கள்.

பாதுகாப்பு

இத்தாலியில் வயிற்றுக்காகச் செய்த 23,188 குமிழி ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்தபோது உயிரிழப்பு எதுவும் இல்லை. கடுமையான எதிர்வினை 0.0086 விழுக்காடு, அதாவது இரண்டே பேருக்கு. ஆனாலும் ஒவ்வாமை அறவே வராது என்று சொல்ல முடியாது. அதனால் அவசர மருந்துகள் உள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்வார்கள். கடுமையான இதய நோய், அண்மையில் மாரடைப்பு, நுரையீரல் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தோட்டப்புறக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

குமிழி ஸ்கேன், ஏற்கெனவே தெரிந்த கட்டி எத்தகையது என்று சொல்லும் பரிசோதனை. கட்டி இருக்கிறதா என்று தேட அது தேவையில்லை. தேடுவதற்குச் சாதாரண ஸ்கேனே போதும். கல்லீரல் சுருக்கம் எனப்படும் சிரோசிஸ் உள்ளவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை சாதாரண ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். பல்லாண்டு சம்சு, பீர் குடித்தவர்களும், ஹெப்பாடைட்டிஸ் பி அல்லது சி கிருமி உள்ளவர்களும், கொழுப்புக் கல்லீரலோடு இனிப்பு நீர் உள்ளவர்களும் தங்கள் கல்லீரலின் நிலையை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் தோட்டத்தில் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

40 வயதைக் கடந்த பி40 பிரிவினருக்கு 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. புற்றுநோய் சிகிச்சைக்குப் போய்வரும் போக்குவரத்துச் செலவுக்கும் அத்திட்டத்தில் உதவி இருக்கிறது. சொக்சோ சந்தா செலுத்தும் தொழிலாளர்களுக்கும் 40 வயதில் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. பரிசோதனையில் ஏதேனும் தெரிந்தால் அங்கிருந்தே போர்ட்டிக்சன், கோலப் பிலா, ஜெம்போல், தம்பின் மருத்துவமனைக்கோ, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் கேட்கலாம்.

பகாவ் பக்கத்திலிருந்து சிரம்பானுக்குப் போய்வரவே ஒரு நாள் கூலி போய்விடும். அதனால்தான் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது நடக்கிறது. ஒரே பயணத்தில் வேலை முடிய, போகும்போது சில காரியங்கள் செய்யலாம். பழைய ஸ்கேன் அறிக்கை, படம் உள்ள சி.டி. தட்டு, கடைசி இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் கையோடு கொண்டு போக வேண்டும். பழைய படத்தில் அதே கட்டி அதே அளவில் இருந்தது தெரிந்தாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும் வேண்டும். வெறும் வயிற்றில் வரச் சொன்னால், இன்சுலின் போடுபவர்கள் அன்று காலை ஊசியை என்ன செய்வது என்று முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டினியோடு இன்சுலின் போட்டுக்கொண்டு பேருந்தில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

மருத்துவரிடம் தயங்காமல் கேட்கக்கூடிய கேள்விகள் நான்கு. "டாக்டர், இந்தக் கட்டி எந்த வகையாக இருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்? என் சிறுநீரக அளவு எவ்வளவு, சி.டி. மருந்து எனக்குத் தாங்குமா? குமிழி ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன் எனக்குப் பொருந்துமா, எங்கே செய்கிறார்கள்? முடிவு தெளிவாக இல்லாவிட்டால் அடுத்து என்ன?" தமிழில் கேட்கத் தயக்கம் இருந்தால், படித்த மகளோ மருமகனோ கூடவே போய் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கலாம்.

பதில் "ஹெமாஞ்சியோமா, ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றால் நிம்மதியாக வீடு திரும்பலாம். பதில் வேறாக இருந்தால், 2 சென்டிமீட்டரில் கண்டுபிடித்த புற்றுநோய்க்குச் செய்ய வழிகள் பல உண்டு. அறுவை சிகிச்சை உண்டு, ஊசி முனையால் சுட்டு அழிக்கும் முறை உண்டு. 8 சென்டிமீட்டராகி வயிறு வீங்கியபின் வந்தால் அந்த வழிகளில் பெரும்பாலானவை அடைபட்டிருக்கும். எந்த ஸ்கேன் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அறிக்கையில் உள்ள அந்த ஒரு வரியைச் சாமி மேடையில் வைத்துவிட்டு அடுத்த சம்பளம் வரை காத்திருக்கக் கூடாது.